ராகுகாலத்தில் திறந்த ஊர்

திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். ராகுகாலத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறேன் என்பதுதான் உண்மை. காலை வேளையில் அந்த மனிதரையும் குழப்புவானேன் என்று, கோயில் பார்க்க வந்தேன் என்றேன். அவர் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். அந்த ஊரில் இருந்த நான்கு நாட்களில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

நான் மலேசியாவில் கிள்ளான்காரன். கோலாலம்பூரில் இணைய முகவரிகளை விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நான், என் மேசை, ஒரு மின்விசிறி. டாட் காம் என்று முடிகிற முகவரிகளைப் போல ‘டாட் ஊர்’ என்று தமிழிலேயே முடிகிற முகவரிகளை எங்கள் நிறுவனம் இந்த ஆண்டு வெளியிட்டது. ஜீயபுரம் டாட் ஊர், துவாக்குடி டாட் ஊர் என்று யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர்ப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். விதிகள் சுருக்கமானவை. அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். முதலில் விண்ணப்பித்தவருக்குப் பெயர். யாராவது ஆட்சேபித்தால் நாங்கள் விசாரிப்போம். பெயரை வாங்கியவர் யார் என்பதை மட்டும் எந்த நிலையிலும் வெளியே சொல்ல மாட்டோம்.

வெளியீட்டு நேரத்தைக் குறித்தவர் என் மேலாளர் மிஸ் லிம். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை. கேக் வெட்டி, ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு, எல்லாரும் ரயிலைப் பிடிக்கத் தோதான நேரம். கோலாலம்பூரில் ஐந்தரை என்றால் ஸ்ரீரங்கத்தில் மூன்று மணி. செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை ராகுகாலம். ஸ்ரீரங்கம் டாட் ஊரை வாங்குவதற்காக அங்கே ஒரு குழுவே கணினியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பி, சரிபார்த்து, சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பிள்ளையாரையும் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாலரை ஆகட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். நாலரைக்குப் பொத்தானை அழுத்தியபோது பெயர் எப்போதோ போயிருந்தது. மூன்று மணி அடித்த கையோடு யாரோ வாங்கிவிட்டார்கள்.

வேண்டுமென்றே ராகுகாலத்தில் கதவைத் திறந்து எங்கள் ஊரை எங்களுக்கு இல்லாமல் செய்துவிட்டீர்கள் என்று புகார் வந்தது. நான் அதை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மிஸ் லிம் வெகுநேரம் பார்த்துவிட்டு, ராகு என்பவர் யார், போட்டி நிறுவனத்தைச் சேர்ந்தவரா என்று கேட்டார். விளக்கினேன். சீனர்களுக்கும் நல்ல நேரம் கெட்ட நேரம் உண்டு என்பதால் அவருக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததும் பயந்துவிட்டார். நேரில் போய் விசாரித்து வா என்று என்னை அனுப்பிவைத்தார்.

வியாழக்கிழமை மதியமே புகார் கொடுத்தவரைப் பார்க்கப் போனேன். ஆட்டோக்காரர் ராஜகோபுரத்துக்கு முன்னால் இறக்கிவிட்டு, இதற்கு மேல் நடந்து போங்க, ஒரே நேர் கோடு என்றார். அந்த நேர் கோட்டில் நான் அப்பளக் கடை, வெண்கலக் கடை, துளசி மாலைக் கடை எல்லாம் தாண்டி, ஒரு வீதியைச் சுற்றி, இன்னொரு வீதியைச் சுற்றி, மறுபடியும் அதே அப்பளக் கடைக்கு வந்து சேர்ந்தேன். இந்த ஊரில் கோயிலைச் சுற்றி வீதி, வீதியைச் சுற்றி மதில், மதிலைச் சுற்றி மறுபடி வீதி. வழி தவறினால்கூடப் பிரதட்சிணம் ஆகிவிடுகிறது.

புகார்க்காரர் பார்த்தசாரதிக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருமண், கழுத்தில் மூக்குக்கண்ணாடிக் கயிறு. உத்தர வீதியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிக் கல்யாணத்தின் முகூர்த்த நேரம் அவர் கை வழியாகத்தான் போகிறது. ஸ்ரீரங்கம் பெயர் மீட்புக் குழுவுக்கும் அவர்தான் செயலாளர். உள்ளே எழுந்தருளணும் என்று அவர் சொன்னதும் நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் சுவாமி வருகிறதோ என்று. அவர் என்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

உட்கார்ந்து, பையைத் திறந்து, புகாரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலமாம். நல்ல காரியத்தை இப்போது ஆரம்பிக்க வேண்டாம் என்றார். எனவே ஆரம்பிக்காமல் உட்கார்ந்திருந்தோம். காபி வந்தது. எங்கள் ஊரில் தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றிய தேநீரை ஒரு குவளை குடிப்பவன் நான். இங்கே தந்தது உள்ளங்கை அகல டம்ளர். ஆனால் அதைக் குடித்தபின் அடுத்த வார்த்தைக்கு அவசரமே இல்லாமல் போய்விட்டது. மூன்று அடித்ததும் அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, இப்போ கேளுங்கோ என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஸ்ரீரங்கத்துக்காரன் எவனும் அந்த நேரத்தில் அதைத் தொட்டிருக்க மாட்டான். தொட்டிருக்கிறான் என்றால் அவன் வெளியூர்க்காரன். வெளியூர்க்காரன் என்றால் விதிப்படிப் பெயர் செல்லாது. கணக்கு சுத்தமாக இருந்தது. நான் தலையாட்டினேன். அவர் சந்தேகப்பட்டவர்களின் வரிசை நீளமானது. சென்னை வீட்டுமனைக்காரர்கள், பெங்களூரு இளைஞர்கள், கடைசியாக நாங்களே.

பெயரை வாங்கியவர் யார் என்பது எனக்கு அப்போதே தெரியும். என் கைபேசியில் இருந்தது. ஆனால் காவிரிக்கு மறுகரையில், பொன்மலையில் இருக்கும் ஒரு பெண்மணிக்கு ஸ்ரீரங்கம் எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அவரைப் பார்க்கக் கிளம்பினேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறுங்க என்று எல்லாரும் சொன்னார்கள். ஏறினேன். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும் என்று ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தால், ராஜகோபுரத்தையே திரும்பக் கொண்டுவந்து காட்டியது. வந்த பஸ்ஸில் ஏறாமல் போகிற பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும் என்றார் நடத்துநர். இரண்டிலும் ஒரே எண்தானே என்றேன். ஒரே பஸ்தான் சார், போறதும் வர்றதும் என்றார். கிள்ளானில் ரயில் எந்தப் பக்கம் போகிறது என்பதை நான்கு மொழிகளில் சொல்லுவார்கள். இங்கே அதற்கு ஊர்க்காரனாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

பொன்மலை வேறு உலகம். மதிலும் கோபுரமும் போய், ரயில்வே பணிமனை, வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ், அகலமான மர நிழல், மாதா கோயில். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. விண்ணப்பம் நிரப்ப, ரயில் டிக்கெட் போட, ஆதார் திருத்த என்று எப்போதும் நாலு பேர் நிற்கிற கடை. அதன் உரிமையாளர்தான் நான் தேடி வந்தவர். உண்மைப் பெயரை எழுதினால் என் வேலை போய்விடும். ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்வோம். கணவர் அந்தோணி பணிமனையில் ஃபிட்டர். அதுவும் வைத்துக்கொண்ட பெயர்தான்.

நான் யார் என்று சொன்னதும் ஸ்டெல்லா கடையில் நின்றவர்களைப் பிறகு வரச் சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். மதியச் சாப்பாடு தயாராக இருந்தது, அந்தோணியும் சாப்பிட வந்திருந்தார். மீன் குழம்பு, வறுவல். மூன்று தட்டு போட்டார். அவர் தட்டில் மட்டும் மீன் இல்லை. அடுத்து எனக்கு ரசம் ஊற்றும்போது, சாத்தமுது இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. அந்தோணி சிரித்துக்கொண்டே, ரசத்தைத்தான் சொல்றா, எங்க வீட்ல எல்லாம் மாறிடுச்சு, அது மட்டும் மாறல என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கத் தேவையில்லாமல் ஸ்டெல்லாவே சொன்னார். பிறந்த வீடு ஸ்ரீரங்கம், உத்தர வீதி. அந்தோணியைக் கல்யாணம் செய்துகொள்ள வீட்டை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் இருப்பது ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு பஸ். ஆனால் அந்த வீட்டு வாசலை அதன்பிறகு அவர் மிதிக்கவில்லை. அப்பா தவறியபோது தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பியதாக அந்தோணி சொன்னார். ஸ்டெல்லா அதைச் சொல்லவில்லை.

எதற்காக அந்தப் பெயரை வாங்கினீர்கள் என்று கேட்டேன். நான் வந்ததே அதைக் கேட்கத்தான். அவர் தண்ணீர்ச் சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“கடைக்கு வர்றவங்களுக்கு விண்ணப்பம் போடுறப்போ சொந்த ஊருன்னு ஒரு கட்டம் வரும் சார். அவங்கவங்க டக்குனு சொல்வாங்க. எனக்குப் போட்டா என்ன எழுதுவேன்னு தோணும். இந்த ‘டாட் ஊர்’ வருதுன்னு பார்த்ததும் கை பரபரன்னு இருந்துச்சு. வாங்கிட்டேன். அதுல என்ன போடுறதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. காலியாத்தான் வெச்சிருக்கேன்.”

திறந்து காட்டினார். வெள்ளைத் திரை. ஒரு புள்ளிகூட இல்லை. இந்தக் காலி இடத்துக்காகத்தான் நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. ஊர்க்காரர் என்பதற்கு அத்தாட்சி கேட்டேன். ஒன்றும் இல்லை. பிறந்தது ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில். பள்ளிச் சான்றிதழ்கள் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டன. ஆதாரில் பொன்மலை. அத்தாட்சி இல்லை என்றால் பெயர் போய்விடும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“சரியா மூணு மணிக்கு எதுக்கு அழுத்தினேன்னு நினைக்கிறீங்க? தட்கல் போட்டுப் பழகின கைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒன்றரை மணி நேரம் அந்த ஊர்ல ஒருத்தரும் அதைத் தொட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நான் வீட்டை விட்டுக் கிளம்பினதும் அந்த நேரத்துலதான், செவ்வாய்க்கிழமை மூணு மணி. யாரும் எதிர்ல வர மாட்டாங்கன்னுதான். இது பொன்மலைக்காரிக்கு எப்படி சார் தெரியும்?”

இதை எந்த வகை அத்தாட்சியாக அறிக்கையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. விடைபெறும்போது அவர் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மீட்புக் குழுவின் ஆர்ப்பாட்டம், வாட்ஸ்அப்பில் வந்தது. நடுவில் பதாகையைப் பிடித்துக்கொண்டு பார்த்தசாரதி நின்றார். இவன் என் தம்பி என்றார் ஸ்டெல்லா. வாங்கியது நான்தான் என்று அவனிடம் சொல்லக் கூடாது, உங்களுக்கும் விதி இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னார். விதி அவர் பக்கமா எதிர்ப்பக்கமா என்று யோசித்துக்கொண்டே வந்ததில், அன்று சரியான பஸ்ஸில் ஏறினேன் என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன்.

சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் மீட்புக் குழுவின் கூட்டம். ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம் என்பதால் பத்தரைக்கு மேல் வைத்திருந்தார்கள். முதலில் கேசரி, வடை. கோலாலம்பூரில் ஆட்சேபக் கூட்டம் என்றால் தண்ணீர்ப் போத்தல்தான் தருவார்கள். இங்கே என்னை எதிர்ப்பதற்கு முன் எனக்கு இரண்டாவது வடை வைத்தார்கள்.

சண்டை வரும் என்று பயந்து போனேன். வந்தது சண்டை அல்ல, விவாதம். சண்டையாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்து, உங்கள் இயந்திரம் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டார். ஐரோப்பாவில் என்றேன். அங்கே அப்போது காலை வேளை, ராகுகாலமே இல்லையே என்றார். உடனே இன்னொருவர், ராகுகாலம் அந்தந்த ஊர்ச் சூரியோதயத்தைப் பொறுத்தது, விரல் ஸ்ரீரங்கத்தில் இருக்கும்போது சூரியனும் ஸ்ரீரங்கத்துச் சூரியன்தான் என்றார். கதவைத் திறந்தது கோலாலம்பூரில்தானே, அங்கே பொழுது தாமதமாக விடிவதால் ஐந்தரைக்கு ராகுகாலம் அப்போதுதான் முடிந்திருக்கும் என்றார் மூன்றாமவர். மிஸ் லிம் கேட்டிருந்தால் கேக்கை இன்னொரு முறை வெட்டியிருப்பார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்ட கேள்விதான் மண்டபத்தையே பிளந்தது. விண்ணப்பத்தை இரண்டரைக்கே நிரப்ப ஆரம்பித்தாயிற்று என்றால், மூன்று மணிக்குப் பொத்தானை அழுத்துவது தொடக்கமா, முடிவா? ராகுகாலத்தில் ஆரம்பிக்கத்தானே கூடாது, முடிக்கலாமே? அப்படியென்றால் காத்திருந்ததே தப்பா என்று ஒருவர் ஈனக்குரலில் கேட்டார்.

பார்த்தசாரதி எழுந்து எல்லாரையும் அமர்த்தினார். பெயரைச் சொல்ல வேண்டாம், வாங்கியவர் இந்த ஊர்க்காரரா இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கோ என்று என்னிடம் கேட்டார். தான் இந்த ஊர் என்றுதான் சொல்கிறார் என்றேன். கூட்டம் சிரித்தது. எங்க ஊர்க்காரா ராகுகாலத்துல அழுத்துவாளா என்று பல குரல்கள் கேட்டன. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மீன் வைக்காத அந்தத் தட்டு கண்முன் வந்தது. யோசிக்காமல் வாயைத் திறந்துவிட்டேன்.

“அந்த நேரத்துல நீங்க யாரும் தொட மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் அழுத்தியிருக்காங்க. வெளியூர்க்காரங்களுக்கு அது எப்படித் தெரியும்?”

சிரிப்பு நின்றது. கணக்கு வாத்தியார் மெல்லத் தலையாட்டினார். நான் பார்த்தசாரதியைப் பார்த்தேன். அவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் எப்படி முடிந்தது என்று சரியாக நினைவில்லை. அவர் எதுவும் பேசாததால் முடிந்துபோயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். ஆளாளுக்கு என்னிடம் வந்து வேறு வேறு முடிவுகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மண்டபத்திலிருந்து அவர் என்னைத் தன் கடைக்கு அழைத்துப் போனார். கடையில் அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, ஆட்களைச் சாப்பிட அனுப்பினார். எதிரே உட்கார்ந்து, வாங்கியவர் ஆணா பெண்ணா என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றேன். அவர் தலையாட்டினார். சொல்ல வேண்டாம் என்று அவரே சொன்னார்.

“எங்காத்துலேர்ந்தும் ஒருத்தி செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குக் கிளம்பிப் போனா. அடியேன் அப்போ வாசல்ல உட்கார்ந்து சைக்கிளுக்குச் செயின் மாட்டிண்டிருந்தேன். கையில ஒரு பைதான். ராகுகாலத்துல யாரும் எங்கேயும் கிளம்ப மாட்டா, அதனால பக்கத்துக் கடைக்குத்தான் போறா, இப்போ வந்துடுவான்னு நினைச்சேன். எங்கே போறேன்னுகூடக் கேட்கலை. நாலரை வரைக்கும் செயினை மாட்டிண்டே உட்கார்ந்திருந்தேன்.”

இருவர் சொன்னதும் எனக்குத் தெரியும். இருவரிடமும் மற்றவரைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை. நிறுவனத்தின் விதியை எழுதியவர்கள் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். மேசையிலிருந்த கல்யாணப் பத்திரிகைகளைக் காரணமில்லாமல் அடுக்கிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் விடுதிக்கே வந்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். புகார் அவர் பெயரில்தான் இருந்தது என்பதால் அத்துடன் விவகாரம் முடிந்தது. குழுவில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை என்று தீர்மானித்துவிட்டார்களாம். மீதிப் பேர் திருவரங்கம் டாட் ஊரை வாங்கலாம் என்று நல்ல நாள் பார்க்கிறார்களாம். ஆக, பெயர் ஸ்டெல்லாவிடமே இருக்கும். நான் மிஸ் லிம்முக்குச் செய்தி அனுப்பினேன். ராகு ஒத்துக்கொண்டாரா என்று பதில் வந்தது.

பார்த்தசாரதி போகவில்லை. விடுதி வாசலில் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நாளன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. மூணு மணிக்கு மேல வீதியில ஒருத்தரும் இருக்க மாட்டா. அப்போ வந்தா யார் கண்ணுலயும் படாம ஆத்துக்கு வந்துட்டுப் போகலாம். யாருக்குச் சொல்லணுமோ, உங்களுக்குத் தோணினா சொல்லுங்கோ.”

எனக்கு யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர் தெருமுனை தாண்டியதும் ஆட்டோ பிடித்துப் பொன்மலைக்குப் போனேன். வேலை போனால் போகட்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கருவாடு, கோழி, பழைய இரும்பு, கத்தரி நாற்று என்று சாலையே தெரியவில்லை. ஆட்டோக்காரர் ஒரு வெங்காய மூட்டையோடு தகராறு செய்து நின்றுவிட்டார். இறங்கி, கூட்டத்தில் முட்டி மோதி, ஒரு செருப்பை இழந்து, ஸ்டெல்லாவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் பூசை முடித்து அப்போதுதான் மாதா கோயிலிலிருந்து வந்திருந்தார்.

பெயர் உங்களுக்குத்தான் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். பிறகு தம்பி சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நல்ல செய்தியைக் கொண்டுவந்துவிட்ட நினைப்பில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வாசல் வழியா வரணுமா, கொல்லை வழியா வரணுமான்னு கேட்டீங்களா?” என்றார் ஸ்டெல்லா.

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. நான் கொண்டுவந்தது அழைப்பா, அவமானமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தோணி ஏதோ சமாதானம் சொல்ல வந்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஸ்டெல்லா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“ஊரு உள்ளே இருக்கிற நேரமாப் பார்த்து ஒரு தடவை போயாச்சு சார். மறுபடியும் அப்படி வர மாட்டேன். ஊரு நடமாடுற நேரத்துல, நல்ல நேரத்துலதான் வருவேன். எந்த நேரம்னு அவனே பார்த்துச் சொல்லட்டும். அவன் தொழிலே அதுதானே.”

எனக்கு மாற்றுச் செருப்பாக அந்தோணியின் செருப்பைக் கொடுத்தார்கள். அது ஒரு அளவு பெரிது. அதைத் தேய்த்துக்கொண்டே விமான நிலையம் வந்து சேர்ந்தேன். அங்கே உட்கார்ந்து பார்த்தசாரதிக்குப் பேசலாம் என்று கைபேசியை எடுத்தேன். மணி ஐந்து. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை என்று நினைவு வந்தது. கிள்ளானில் ஐம்பது வருடமாக இதையெல்லாம் பார்த்தறியாதவன், ஆறு மணி வரை கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, விமானங்களின் அறிவிப்புகளைக் கேட்டபடி காத்திருந்தேன். ஆரம்பித்துக் கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆறு அடித்ததும் அழைத்தேன். ஒருவர் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்து, ஸ்டெல்லா சொன்னதைச் சொன்னேன். இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை. தொலைக்காட்சிச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. வீட்டில் எல்லாரும் கூடத்தில் இருந்திருக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது, வாயைத் தொலைபேசியிலிருந்து எடுக்காமலே, அவர் உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார். பஞ்சாங்கத்தை எடுத்துண்டு வா என்று. அவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும், ஏன்னா, இந்த நேரத்துல எதுக்கு என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

“அக்கா வரா.”

தொலைக்காட்சியை யாரோ நிறுத்தினார்கள். எந்த அக்கா என்று அந்தக் குரல் தணிந்து கேட்டது.

“எனக்கு இருக்கிறதே ஒரு அக்காதானே” என்றார் பார்த்தசாரதி. பிறகு என்னிடம், கொஞ்சம் லைன்ல இருங்கோ, வாசல்ல கோலம் போட்டு முடிக்கிற நேரமாப் பார்த்துச் சொல்றேன் என்றார்.